இருபத்தாறாவது அழைப்பு

பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. இன்றைக்கு எனக்கு நடக்கப்போகிற ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும். அரக்கோணம் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஒரு வாக்கியம் தயாராக வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். யசோதரா என்கிற இருபத்தேழு வயதுப் பெண்ணிடம், அவள் வீட்டுக்கே போய், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. யசோதரா, ஒரு தவறு நடந்துவிட்டது. சீ, தவறு தானாக நடந்து வர அதற்கென்ன காலா இருக்கிறது. ஆறு வருடமாக வாரியத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து 'கவனக்குறைவு ஏற்பட்டுள்ளது', 'காலதாமதம் நிகழ்ந்துள்ளது' என்று கையெழுத்துப் போட்டுப் போட்டு வாயும் கோப்பாகிவிட்டது. ஏற்பட்டதாம். யாரால் ஏற்பட்டது பிலோமினா, அதைச் சொல். யசோதரா, நான் தவறு செய்துவிட்டேன், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு நீ தேர்வாகிவிட்டாய் என்று ஒன்பது நாளைக்கு முன்னால் போனில் சொன்னேன், நீ தேர்வாகவில்லை. இது பரவாயில்லை. ஆனால் நீயா, நீங்களா? நேர்காணலில் நீங்கள் என்றுதான் பேசினேன், எல்லோரிடமும் அப்படித்தான். போனில் சந்தோஷத்தில் நீ என்று வந்துவிட்டது. நல்ல செய்திக்கு நீ, கெட்ட செய்திக்கு நீங்களா? அப்படிப் பேசினால் அவளைத் தள்ளி நிறுத்துவது போல் ஆகிவிடும். நீ என்றே சொல்லலாம். வியாசர்பாடியில் வண்டி நின்று நாலைந்து பெண்கள் ஏறுகிறார்கள், பெண்கள் பெட்டி என்பதால் இடித்துக்கொள்வதிலும் ஒரு உரிமை இருக்கிறது, ஒரு கைப்பை என் தோளில் பட்டு, சாரிக்கா என்கிறது ஒரு குரல். வாரியத்தின் கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், ஆனால் நெற்றியில் தமிழ்நாடு அரசு என்று எழுதிய கார் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் ஊரே கூடிவிடும். அதனால்தான் ரயில். அதோடு காரில் போனால் எங்கே போனேன், எதற்குப் போனேன் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுவதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வருடத்துக்கு இருபத்தைந்து பேர். இருபத்தாறு கிடையாது, அரசு ஆணை அப்படி. மூவாயிரம் விண்ணப்பம் வரும், அதை வடிகட்டி நூறு பேரைக் கூப்பிட்டு நேர்காணல் நடத்தி, இருபத்தைந்து பேரை லண்டனுக்கோ பெர்லினுக்கோ மெல்பர்னுக்கோ அனுப்ப வேண்டும், படிப்பு முடிந்ததும் அவர்கள் திரும்பி வர வேண்டும், வந்து இங்கே எதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும், இதுதான் எங்கள் வாரியத்தின் வேலை. என்னுடைய வேலை அந்த இருபத்தைந்து பெயர்களுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது. முன்பெல்லாம் தேர்வானவர்களுக்குக் கடிதம் போகும், பிறகு மின்னஞ்சல் என்றானது. நான் வந்த வருடம் ஒரு புது வழக்கம் ஏற்படுத்தினேன். தேர்வுக்குழு முடிவு செய்த மறுநாளே, ஆணை தட்டச்சாகும் முன்பே, தலைவர் ஒவ்வொருவரையும் தானே அழைத்துச் சொல்வது. விதியில் இப்படி ஒன்று கிடையாது. செயலர் கோதண்டபாணிக்கு அது பிடிக்கவே இல்லை. "கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி வாயால சொல்றது ரிஸ்க் மேடம்" என்று ஆறு வருடமும் ஆறு முறை சொன்னார். பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் மேல் இருக்கிற பயம் போகும் என்று நான் விளக்கம் கொடுத்தேன். பொய். எனக்கு அந்த மௌனம் வேண்டியிருந்தது. நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள் என்றதும் மறுமுனையில் இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே கேட்காது, அப்புறம்தான் மூச்சு வரும். நாகப்பட்டினத்து நர்ஸ் ஒருத்தி போனை மேஜையில் போட்டுவிட்டு வார்டு முழுக்க ஓடினாள், நோயாளிகள் கைதட்டியது எனக்குக் கேட்டது. ஒருவன் ராங் நம்பர் என்று வைத்துவிட்டான், மூன்று தடவை கூப்பிட்டு நம்ப வைத்தேன். அமைச்சர் அலுவலகத்துச் சிபாரிசு, எந்த ஊர் என்றே தெரியாத சொந்தக்காரர்கள், ஏன் எங்கள் மகனுக்கு இல்லை என்று அழுகிற அப்பாக்கள், பனியில் தனியாக இருக்க முடியவில்லை மேடம் என்று டிசம்பரில் வரும் அழைப்புகள், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது அந்த ஒருநாள் சந்தோஷத்துக்காகத்தான். வெளியில் பார்த்தால் கடமை, உள்ளே பார்த்தால் ஆசை. குழந்தை குட்டி இல்லாதவள், வருடத்துக்கு ஒருநாள் இருபத்தைந்து பேருக்கு அம்மாவாக இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். இந்த வருடம் இருபத்தைந்தாவது பெயர் சின்னராஜ், அரூர் பக்கம், ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே கால்நடை மருத்துவம் முடித்தவன். சொன்னதும் அவன் அழுதான். மேடம் நிஜமா, மேடம் நிஜமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு, தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. யசோதரா. நம்பர் இருந்தது. அழைத்தேன். அந்தப் பெயருக்கு மேலே கோதண்டபாணி பென்சிலில் பொடியாக எழுதியிருந்ததை நேற்றுத்தான் கண்ணாடி போட்டுப் படித்தேன். 'காத்திருப்போர் பட்டியல் 1. பாஸ்போர்ட் விவரம் மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன்.'

நேற்று மதியம் இருபத்தைந்து ஆணைகளையும் கையெழுத்துக்கு வைத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில், ஒன்று குறைகிறதே என்றேன், யசோதரா எங்கே என்றேன். "அவங்க ரிசர்வ் லிஸ்ட் மேடம், சின்னராஜுக்கு அடுத்து, அரை மார்க் கம்மி" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம். பாவம், அவர் ஒரு வார்த்தை, நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். சாயங்காலம் அவளிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. வணக்கம் மேடம், நாளை மதியம் வேலையில் ராஜினாமா கடிதம் கொடுக்கிறேன், ஒரு மாத நோட்டீஸ் வேண்டும் என்பதால் இப்போதே கொடுத்தால்தான் செப்டம்பரில் கிளம்ப முடியும், உங்கள் ஆசி வேண்டும். ஆசியாம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஒப்பந்த வேலை, அதை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று நேர்காணலில் அவளே சொல்லியிருக்கிறாள். உடனே போன் செய்தேன். செய்தேன்தான், யாரும் என்னைக் கோழை என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். எடுத்தது அவள் அப்பா, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை, பெயர் கஜேந்திரன். "சேர்மன் மேடமா! ஐயோ, நீங்களே பேசறீங்களாம்மா! பாப்பா குளிக்குதும்மா. அம்மா, ஒரு நிமிஷம், உங்க கொரல எங்க வூட்ல எல்லாரும் கேக்கணும், ஸ்பீக்கர்ல போடறேன் இருங்க." ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். பின்னால் யாரோ குழந்தை, வணக்கம் மேடம் என்று கத்துகிறது. நான் என்ன சொல்ல? நாளைக்குக் காலையில் அந்தப் பக்கம் வருகிறேன், வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். கேட்டபோதே தெரிந்தது, இது முதல் தவறைவிடப் பெரிய தவறு. வாரியத் தலைவர் வீடு தேடி வருகிறார் என்றால் எதற்கென்று நினைப்பார்கள்? வில்லிவாக்கம், அம்பத்தூர், கூட்டம் இறங்கி ஏறுகிறது.

நாலு நாள் சும்மா இருந்தால் போதும் என்பது கோதண்டபாணியின் யோசனை. கெட்ட மனசில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் ஏற்புக் கடிதம் கொடுக்கக் கடைசி நேரம். "எல்லா வருஷமும் ஒருத்தர் கழண்டுக்குவாங்க மேடம். கல்யாணம்னு சொல்லுவாங்க, வேற ஸ்காலர்ஷிப் கெடச்சுதுன்னு சொல்லுவாங்க. அந்த எடம் இந்தப் பொண்ணுக்குத்தானே வரும்? ராஜினாமாவ மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் குடுக்க வேணாம்னு எதாவது காரணம் சொல்லிருங்க. பொண்ணுக்குத் தெரியவே வேணாம்." இதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் நாலு வருடம் யாராவது விலகியிருக்கிறார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால் நல்ல வாய்ப்புதான். ஆனால் அந்த இன்னொரு வருடம்? போன வருடம்தான் அது, இருபத்தைந்து பேரும் வரிசையாக விமானம் ஏறினார்கள், நானே பூரித்துப்போனேன். இன்னொரு வழியும் இருக்கிறது, அதைக் கோதண்டபாணி சொல்லவில்லை, நேற்று ராத்திரி நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நேர்காணலில் தலைவருக்கென்று பத்து மதிப்பெண். யசோதராவுக்கு ஏழு போட்டேன், சின்னராஜுக்கும் ஏழு. என் ஏழை எட்டாக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஒரு கோடு, ஒரு சுருக்கொப்பம். மனசாட்சிக்கும் இடம் இருக்கிறது, ஏனென்றால் உண்மையிலேயே அவளுக்கு எட்டுப் போட்டிருக்க வேண்டும். நான் மண்ணியல் படித்தவள். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகளைப் பற்றி அவள் பேசியபோது மற்ற இரண்டு உறுப்பினர்களுக்குப் புரியாத இடமெல்லாம் எனக்குப் புரிந்தது. ஒரு கிணற்றை வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டலாமா என்று கேட்டாள். வரைந்தாள், தப்பாக வந்துவிட்டது, அழிக்கத் துணி இல்லை, உள்ளங்கையால் அழித்தாள், கை கறுத்துப்போயிற்று, அப்புறம் நேர்காணல் முடியும்வரை அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள். அவள் மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது எனக்கு, பிரியம் வந்ததாலேயே ஒரு மதிப்பெண் குறைத்தேன், பாரபட்சம் என்று ஆகிவிடக் கூடாதே என்று. பார்த்தாயா உன் நியாயத்தை. இப்போது எட்டாக்கினால் சின்னராஜை என்ன செய்வது? மேடம் நிஜமா என்று கேட்டானே, நிஜம்தான் என்று சொன்னேனே. ஒருத்திக்குச் செய்த தவறை இன்னொருவன் தலையில் இறக்கி வைக்க முடியாது. அது முடிந்த பேச்சு. நேற்றே முடிந்த பேச்சு, ஆனாலும் ஆவடி வருவதற்குள் மூன்று முறை திரும்ப வந்துவிட்டது.

தெரியவே வேண்டாம். இந்த இரண்டு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நல்லதுக்காக மறைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எண்பத்தாறாம் வருடம் நெதர்லாந்தில் மண்ணியல் படிக்கப் போனேன், தூத்துக்குடியிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், உண்மையா என்று அவர் விசாரிக்கவே இல்லை. அப்போதெல்லாம் கடிதம்தான், ஊரிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும். அப்பா எழுதமாட்டார், தம்பி செல்வின் எழுதுவான், அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது போல. மார்ச்சில் வந்த கடிதத்தில், அப்பா இப்போதெல்லாம் வெயிலில் அலைவதில்லை என்று எழுதியிருந்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. நெஞ்சு வலி உள்ள மனுஷன், சொன்னால் கேட்கமாட்டார், கடைசியில் கேட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கடிதம் எழுதும்போது அவரை அடக்கம் செய்து பதினோரு நாள். என் தேர்வு முடியட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு எடுத்திருக்கிறார்கள், பங்குச்சாமியார் உட்பட. தேர்வு நன்றாக எழுதினேன். செத்துப்போன ஒருவருக்கு ஒரு மாதம் ஸ்வெட்டர் தேடிக் கடை கடையாக அலைந்தேன், வாங்கியும் விட்டேன், சாம்பல் நிறம். செல்வினை நான் மன்னித்துவிட்டேன், அவன் அப்போது சின்னவன், பொய் எழுதத் தெரியாமல் பாவம் உண்மையையே தேடித்தேடி எழுதியிருக்கிறான், வெயிலில் அலைவதில்லை என்பது உண்மைதானே. மன்னிக்க முடியாதது அந்த ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க நான் சிரித்தது, சாப்பிட்டது, சைக்கிள் விட்டது எல்லாம் எனக்கே சொந்தமில்லாமல் போய்விட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது. யசோதரா இப்போது அந்த மாதத்தில்தான் இருக்கிறாள். ஒன்பது நாளாக இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேர், நானும் கோதண்டபாணியும், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று பேசுகிறோம். இதை நினைத்ததும்தான் நேற்று பையை எடுத்துவைத்தேன்.

எதிரில் உட்கார்ந்திருக்கிற அம்மா முருங்கைக்கீரை ஆய்கிறாள், மடியில் ஒரு செய்தித்தாள், அதில் கீரை, காம்பெல்லாம் ஒரு கேரி பையில், வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சமையலுக்குத் தயாராக இருக்கும். என்ன சுத்தமான வேலை. அவள் என் மடியைப் பார்க்கிறாள். என் மடியில் ஒரு கிலோ மைசூர்பாகு டப்பா. சென்ட்ரலில் வண்டிக்கு நேரமிருந்தது, ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகிறோம் என்று கை தானாகக் கடைக்குப் போய் வாங்கிவிட்டது, இடம் இல்லை என்று சொல்லப் போகிறவள் கையில் இனிப்பு டப்பா. ஆப்பிள் வாங்கியிருக்கலாமா? அது ஆஸ்பத்திரிக்குப் போவது போல் இருக்கும். சும்மா போனால்? ஒன்றும் வாங்காமல் போய் ஒன்றும் இல்லை என்று சொல்வதா? இதற்கென்று ஒரு பண்டம் இந்த நாட்டில் யாரும் செய்யவில்லை. "எங்கம்மா எறங்கணும்?" என்கிறாள் கீரைக்காரம்மா. அரக்கோணம் என்றேன். "விசேஷமா?" இல்லை என்றேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பக் கீரையை எடுத்தாள். திருவள்ளூரில் அவள் எழுந்தபோது டப்பாவை நீட்டினேன். "எனக்கா? எதுக்கும்மா?" என்று பயந்துபோனாள். காலம் அப்படி, ரயிலில் யாராவது தின்ன எதையாவது கொடுத்தால் வாங்கலாமா. "கடை சீல் பிரிக்கல பாருங்க. எனக்கு சுகர், வீட்ல திட்டுவாங்க" என்றேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, வீட்டில் திட்ட ஆளும் இல்லை. காலையிலேயே வாயிலிருந்து முதல் பொய். அவள் வாங்கிக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினாள், பேரப்பிள்ளை இருக்குதும்மா, குடுத்துடறேன் என்று சத்தமாகச் சொன்னாள். வண்டி நகர்ந்தது. கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு. கூட்டம் குறைந்துவிட்டது. வாக்கியம் இன்னும் தயாராகவில்லை. நீ என்பது மட்டும்தான் முடிவாகியிருக்கிறது.

ஆட்டோ அவள் தெருவுக்குள் திரும்பியதுமே தெரிந்தது. நான் பயந்தது மாதிரியேதான். தெருவில் ஒரு சின்ன பந்தல் துணி, அதன் கீழே வாடகைக்கு எடுத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், முப்பது இருக்கும், பாதிக்கு மேல் ஆட்கள். பெண்கள் எழுந்து நின்றார்கள். கஜேந்திரன் ஓடி வந்தார், வெள்ளைச் சட்டை, பெட்டியில் வைத்த மடிப்பு இன்னும் கலையவில்லை, கையில் ஒரு பொன்னாடை. "வாங்கம்மா, வாங்க, இங்கியே போட்டுடறேன், எல்லாரும் பாக்கட்டும்" என்று அதை விரித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவோம் என்றேன், தயவுசெய்து என்றேன். தயவுசெய்து என்ற வார்த்தையில் அவர் முகம் கொஞ்சம் மாறியது. உள்ளே ஒரே அறை, சுவரில் புத்தர் படம், கட்டிலுக்குப் பக்கத்தில் யசோதரா நின்றாள், தலை ஈரம், வேலை பார்க்கிற இடத்து அடையாள அட்டை கழுத்தில், கையில் பழுப்பு நிற உறை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன். "யசோதரா, அந்தக் கடிதத்தைக் குடுக்காதேம்மா. உனக்கு இடம் கிடைக்கல. நீ காத்திருப்போர் பட்டியல்ல முதல் ஆள். நான் தாளைச் சரியாப் பார்க்காம உன்னைக் கூப்பிட்டுட்டேன்." ஒன்றரை மணி நேரம் தேடிய வாக்கியம் எதுவும் அதில் இல்லை. அவள் அம்மா அடுப்பை அணைத்தாள், அந்தச் சத்தம் கேட்டது. யசோதரா உறையைப் பார்த்தாள், அதன் ஓரத்தை விரலால் நீவினாள். அவள் அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். அழவில்லை. "எவ்ளோ மார்க்ல மேடம்?" என்றாள். அரை என்றேன். "யாராச்சும் போகலன்னா?" வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது, விலகினால் உனக்குத்தான், ஆனால் விலகுவார்கள் என்று சொல்ல மாட்டேன், இன்னொரு முறை உனக்கு உறுதியில்லாததைச் சொல்ல மாட்டேன் என்றேன். சரி மேடம் என்றாள். உறையைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் சிக்கிக்கொண்டது, இரண்டு முறை இழுத்தாள், பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

கஜேந்திரன் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். விரித்த மடிப்பிலேயே திரும்ப மடித்துவிட்டுக் கேட்டார். "தப்பு யார் மேலம்மா? ஆபீஸ் மேலயா?" இல்லை, என் மேல் என்றேன். "உங்க மேலன்னா, நீங்க ஒர்த்தர்தானா?" நான் ஒருத்திதான். அவர் தலையை ஆட்டினார். "எங்க வேலைல தப்பு பண்ணா எழுதிக் குடுக்கணும்மா. இன்னா நடந்துச்சு, யாரு பண்ணது, எத்தினி மணிக்கு, எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போடணும்." புகார் கொடுக்க வேண்டும் என்கிறார் என்று நினைத்தேன், நியாயம்தான், எங்கே கொடுக்க வேண்டும் என்று நானே சொல்கிறேன் என்றேன், விலாசமும் தருகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்ப்ளெய்ன்ட் குடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்? வெளிய பாத்தீங்க இல்ல? பாப்பா வேணாம் வேணாம்னுச்சு, ஆர்டர் வரட்டும்பான்னுச்சு. நான்தான் வூடு வூடாப் போயி சொன்னேன். நாளைக்கு இல்லன்னா இன்னா சொல்லுவாங்க? கஜேந்திரன் பொண்ணு புளுகிட்டான்னு சொல்லுவாங்க. அவ வேலை செய்யற எடத்துலயும் அதான் சொல்லுவாங்க. இந்தத் தெருவுல எத்தினி வருஷம் கழிச்சாலும் அதுதான் பேச்சு." பொன்னாடையைக் கட்டில்மேல் வைத்தார். "சீட்டு போனா போவுது. அடுத்த வருஷம் எழுதுவா. எம் பொண்ணு பொய் சொல்லலன்னு எழுதிக் குடுங்க. எனக்கு அது போதும்." நான் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்தேன், மதிப்பெண், வெள்ளிக்கிழமை, வேலை, என்னுடைய பதவி, பத்திரிகையில் வந்தால் என்ன ஆகும். அவள் பேர் கெடும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. யசோதரா ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து, கட்டிலை மேஜையாக்கி எழுதினேன். அனுப்புநர் என்று போட்டு என் பெயரும் பதவியும் எழுதினேன். பெறுநர் என்று போட்டதும் நின்றுவிட்டது. யாருக்கென்று போடட்டும் என்று கேட்டேன். கஜேந்திரன் மகளைப் பார்த்தார். "தெருவுக்கே போடுங்க மேடம்" என்றாள் அவள். தெருவின் பெயரை எழுதினேன். இம்மாதம் மூன்றாம் தேதி யசோதராவுக்கு இடம் கிடைத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னவள் நான், அவர் சொன்னதெல்லாம் நான் சொன்னதைத்தான், தவறு முழுவதும் என்னுடையது, அவர் மூவாயிரம் பேரில் இருபத்தாறாவதாக வந்தவர், அவரும் அவர் வீட்டாரும் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். நேரம் போடுங்கள் என்றார் கஜேந்திரன், பதினொன்று பத்து என்று போட்டேன். அவர் வாங்கி, உதட்டை அசைத்து மெதுவாக ஒருமுறை படித்தார். மடிக்கவில்லை. திரும்ப என்னிடமே நீட்டினார். "அவங்களுக்குத்தான எழுதினீங்க. நீங்களே படிச்சிடுங்கம்மா." எழுந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது, யசோதரா கை கொடுத்தாள், கொடுத்த கையை எடுக்காமல் என்னோடு வாசலுக்கு வந்தாள். எங்களைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து கைதட்ட ஆரம்பித்தார்கள், ஒரு பையன் விசில்கூட அடித்தான். கைதட்டல் நிற்கும்வரை இரண்டு பேரும் காத்து நின்றோம். அப்புறம் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.